இடது முன்சக்கரம்

காய்ந்து கிடந்த தார்ச்சாலையில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் சிமிட்டியது.

ஒரு சின்னக் காரும் அதன் அடியில் நெளிநெளியாய் இரண்டு கோடுகளும் போட்ட படம். ஸ்பீடு மீட்டருக்குக் கீழே நான்கைந்து முறை மின்னி அணைந்தது. மின்னும்போதெல்லாம் என்ஜின் குரல் அடங்கிப்போனது. ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தது வைத்தபடி இருக்க, வண்டி ஒரு கணம் தயங்கி நின்று யோசித்துவிட்டுத்தான் மேலே நகர்ந்தது. சக்கரம் வழுக்கினால் அந்த விளக்கு எரியும், எரிந்தால் வண்டியே தன் பலத்தைக் குறைத்துக்கொண்டு சக்கரத்தைத் தரையில் பிடிக்க வைக்கும், அதற்கு டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்று பெயர் என்று ஏழு மாதத்துக்கு முன் ஷோரூமில் ஒரு பெண் சிரித்த முகமாக விளக்கியிருந்தாள். சரி, வழுக்கினால்தானே? மேடு பள்ளம் இல்லாத, ஒரு சொட்டு ஈரம் இல்லாத சாலையில் எது வழுக்குகிறது? ஆனந்தகுமாருக்கு எரிச்சலாக வந்தது. புது வண்டி, அதுவும் சின்ன எஸ்யூவி, எந்தக் காட்டுப் பாதையிலும் போகலாம் என்று நம்பி வாங்கியது.

நரிக்குடிக்குத் தெற்கே, கண்மாய்க் கரையில் இருக்கும் குலதெய்வக் கோயிலில் பூசையை முடித்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அருப்புக்கோட்டையில் அவனுக்குப் பெயின்ட் கடை. புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் பின்னால் குலசாமி கருப்புக்கு ஒரு பீடம் எழுப்பிவிடலாம், வருசா வருசம் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று முடிவு செய்து, அன்று பிடிமண் எடுத்திருந்தார்கள். கோயில் மண்ணை எடுத்துக்கொண்டு போனால் சாமியும் கூட வரும். பூசாரி சோலைச்சாமி பீடத்தடியிலிருந்து செம்மண்ணும் சரளையுமாக அள்ளி, மூன்று படி கொள்ளும் புதுக் கலயத்தை விளிம்பு வரை நிரப்பி, மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக் கொடுத்தார்.

"வழியில எங்கயும் தரையில வச்சிறாதீக அண்ணாச்சி. மண்ணு எங்க விழுதோ, அங்கனயே உக்காந்துருவாரு. அப்புறம் யாரு கூப்புட்டாலும் எந்திரிச்சு வர மாட்டாரு" என்றார்.

மடியில் வைத்துக்கொண்டு வரச் சொல்லி மனைவி கிருஷ்ணப்ரியாவிடம்தான் முதலில் கொடுத்தான். ஆனால் பின்சீட்டில் மகள் பாப்பா, அம்மா மடியில் தலைவைத்துப் படுக்க வேண்டும் என்று அடம்பிடித்ததால் கலயம் முன்சீட்டுக்கு வந்தது. வைத்த உடனே பெல்ட் போடச் சொல்லி வண்டி கிணுகிணுவென்று கத்த ஆரம்பித்தது. அரிசி மூட்டையை வைத்தால் கத்தும், ஆள் உட்கார்ந்தால் கத்தும், இந்தக் கலயத்துக்கு எதற்குக் கத்துகிறது என்று தெரியவில்லை. கடைசியில் சீட் பெல்ட்டை இழுத்து அதற்கும் மாட்டிவிட்ட பிறகுதான் சத்தம் ஓய்ந்தது. "பாருடி, சாமிக்கும் ஃபைன் போட்டுருவாங்கன்னு பயம்" என்று அவன் சொன்னதற்குக் கிருஷ்ணப்ரியா சிரிக்கவில்லை.

விளக்கு மறுபடி மின்னவும், போனை ஸ்பீக்கரில் போட்டு மெக்கானிக் ஜெயக்குமாரைக் கூப்பிட்டான்.

"ஒரு சக்கரம் மத்த மூணு மாதிரி சுத்தலைன்னு வண்டி நினைக்குதுண்ணாச்சி. சென்சார்ல சேறு அப்பியிருக்கும்" என்றான் ஜெயக்குமார்.

"சேறு ஏது? காடே காஞ்சு கிடக்கு."

"எந்தப் பக்கம் பிடிக்குது?"

ஆனந்தகுமார் ஸ்டீயரிங்கை லேசாக விட்டுப் பார்த்தான். வண்டி மெல்ல, நிச்சயமாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது.

"இடது. முன்னால."

"நாளைக்குக் கொண்டாங்க, பாத்துருவோம். பயப்பட ஒண்ணும் இல்ல."

பயப்பட ஒன்றும் இல்லைதான். பின்சீட்டில் பாப்பா இருமினாள். எட்டு வயது தங்கச்செல்விக்கு மூன்று வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. கோயிலில் சாம்பிராணியைப் போட்டு ஒரே புகை. வழியில் வேறு, இருபுறமும் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். சீமைக்கருவேல விறகு வேகும் அந்தக் கசந்த புகை, கண்ணாடியை எவ்வளவு ஏற்றி வைத்தாலும் உள்ளே வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது இருமலுக்கு ஆனந்தகுமார் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். மூன்றாவது இருமலில் அந்த விசில் சத்தம் இருந்தது.

"பஃப்பை எடுத்துக் குடு" என்றான்.

கிருஷ்ணப்ரியா கைப்பையைக் கவிழ்த்து இன்ஹேலரைத் தேடினாள். பிறகு துணிப்பையை. பிறகு சீட்டுக்கு அடியில். அவள் கை நின்றுபோனதைக் கண்ணாடியில் பார்த்தான்.

"ஸ்கூல் பேக்ல இருக்குங்க" என்றாள். "வீட்டுல."

திருச்சுழிக்குப் போய்விட்டால் ஆஸ்பத்திரி இருக்கிறது. மூக்கில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகை பிடிக்க வைத்தால் பத்து நிமிடத்தில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து ஐஸ்கிரீம் கேட்பாள், எத்தனை தடவை பார்த்திருக்கிறான். இருபது நிமிடப் பயணம். அவன் வேகத்தைக் கூட்டினான். நான்கு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டார்கள், சாலைக்குக் குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டு ஒரு தகரப் பலகை நின்றது. பாலம் வேலை நடக்கிறது, மாற்றுப்பாதை. அம்புக்குறி காட்டுக்குள் போகும் வண்டிப்பாதையைக் காட்டியது. காலையில் இதே வழியாகத்தான் வந்தார்கள். மூன்று கிலோமீட்டர் போனால் மறுபடி தார்ச்சாலை வரும்.

ஆனால் காலையில் மழை இல்லை. ஐப்பசி வானம் தெற்கே கறுத்துத் திரண்டு, அவர்கள் பாதையில் இறங்கி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் கொட்ட ஆரம்பித்தது. கரிசல் மண்ணைத் தெரிந்தவர்கள் மழையில் அதில் வண்டியை இறக்க மாட்டார்கள். காய்ந்தால் காலைக் கிழிக்கும், நனைந்தால் விடாது. ஆனந்தகுமாருக்கும் தெரியும். தெரிந்தும், பின்சீட்டில் ஒவ்வொரு மூச்சும் விசிலடிக்க விசிலடிக்க, அவன் நிறுத்தவில்லை. வண்டியின் முன்பக்கம் ஒருமுறை அலைந்து, இடது பக்கம் சறுக்கி, மெத்தையில் உட்காருவது மாதிரி மெதுவாக உட்கார்ந்தது.

மணி ஆறுகூட ஆகவில்லை. அதற்குள் இருட்டு.

மிதித்தான். மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியது, என்ஜின் அடங்கியது. இன்னும் அழுத்தி மிதித்தான், இன்னும் அடங்கியது. அவன் எவ்வளவு கேட்கிறானோ அவ்வளவுக்கு வண்டி கொடுக்க மறுத்தது. பின்னால் எடுத்தான், முன்னால் எடுத்தான். இடது முன்சக்கரம் அரை வட்டம் சுற்றி நின்றது, சுற்றி நின்றது. மறுபடி ஜெயக்குமாரைக் கூப்பிட்டான்.

"ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், கீழ, அதே படம் போட்ட பட்டன் இருக்குதாண்ணாச்சி? அதை மூணு செகண்டு அமுத்திப் பிடிங்க. ஆஃப் ஆயிரும். அப்புறம் அது குறுக்க நிக்காது. ஒரே சீரா மிதிச்சு வெளிய எடுத்துருங்க" என்றான் ஜெயக்குமார்.

அமுக்கினான். ஆஃப் என்று விளக்கு வந்தது. மிதித்தான். இப்போது என்ஜின் முழங்கியது, சக்கரம் சேற்றை வாரி ஜன்னல் வரை அடித்தது, வண்டி ஓர் அங்குலம், இரண்டு அங்குலம், எழுந்து வந்தது. வந்துவிட்டது என்று அவன் நினைத்த நொடியில் ஆஃப் விளக்கு தானாக அணைந்தது. என்ஜின் அடங்கியது. வண்டி வந்த வழியே திரும்பப் போய் உட்கார்ந்தது.

மறுபடி அமுக்கினான். மறுபடி அதே. ஐந்து முறை. ஐந்து முறையும் பள்ளத்தின் விளிம்பு வரை விட்டுவிட்டு, அந்த இடத்தில்தான் அது தானாக விழித்துக்கொண்டது. ஆறாவது முறை பட்டனை விடாமல் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மிதித்தான். விரலுக்கு அடியில் பட்டன் எதிர்த்து மேலே வந்தது. லேசாகத்தான். பிள்ளைகள் விளையாட்டுக்குக் கையைத் தள்ளிவிடுகிற அளவுக்குத்தான். அவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

"என்னங்க?" என்றாள் கிருஷ்ணப்ரியா.

"ஒண்ணும் இல்ல."

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். பந்தல்குடிப் பக்கம் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரமாகும், நீங்கள் தார்ச்சாலைக்கு வந்துவிட முடியுமா என்று ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். பூசாரி சோலைச்சாமியைக் கூப்பிட்டான். அவர் பக்கத்து ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் ஜெயபாண்டி என்பவரின் எண்ணைக் கொடுத்தார். ஜெயபாண்டி நல்ல மனிதர், இரண்டு வார்த்தையில் புரிந்துகொண்டார். "பதறாதீக அண்ணாச்சி, டிராக்டரு மேலக்காட்டுல நிக்குது, ஓடிப் போயி எடுத்துக்கிட்டு வாரேன். அரை மணி நேரம்" என்றார்.

அரை மணி நேரம். பின்சீட்டில் பாப்பா எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்சீட்டில் ஊன்றி, தோள் இரண்டும் காதுக்கு ஏற, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளியைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் பேசவில்லை. இழுப்பு அதிகமானால் அவள் பேச மாட்டாள், அப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையை ஆனந்தகுமாரால் எப்போதுமே தாங்க முடிந்ததில்லை.

இறங்கினான். செருப்பைச் சேறு உருவிக்கொண்டது. போன் வெளிச்சத்தில் சக்கரத்தைப் பார்த்தான். மூன்று சக்கரமும் கணுக்கால் ஆழத்தில் இருக்க, இடது முன்சக்கரம் மட்டும் பாதிக்கு மேல் புதைந்திருந்தது. வண்டிக்குள் விரித்திருந்த கால் மிதியடிகளை உருவிச் சக்கரத்துக்கு அடியில் சொருகினான். சக்கரம் அவற்றை விழுங்கிப் பின்னால் துப்பியது. கருவேலங் கிளைகளைக் கையாலேயே ஒடித்தான், முள் உள்ளங்கையில் இறங்கி முறிந்தது, கிளைகளும் சேற்றுக்குள் போயின. ஒரு கல் கிடைக்குமா என்று நாலாபக்கமும் தடவினான். கரிசல் காட்டில் ஏது கல்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம் என்று தனியாகப் பத்தடி நடந்து பார்த்தான். பத்தடிக்கு மூன்று முறை விழுந்தான். மழை ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. இந்த மழையில் இரண்டு கிலோமீட்டர் கொண்டுபோனால் பாதி வழியிலேயே.

அந்த நினைப்பை முடிக்காமல் திரும்பி வந்தான். கதவைத் திறந்தபோது உள்விளக்கில் பாப்பாவின் உதடு தெரிந்தது. நாவற்பழம் தின்ற பிள்ளையின் உதடு.

"ஏங்க" என்றாள் கிருஷ்ணப்ரியா. அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. முன்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காஞ்ச மண்ணு இருந்தா சக்கரம் பிடிக்கும்ல?"

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும், "வாயை மூடுடி" என்றான்.

"மூணு படி சரளை மண்ணுங்க. சொட்டு நனையல."

"என்ன பேசுறன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"பிள்ளையப் பாருங்க!" என்று அவள் கத்தினாள். கல்யாணமான பதினோரு வருசத்தில் அவள் அவனிடம் கத்தியது அன்றுதான். "சாமிகிட்ட நான் கேட்டுக்கிறேன். என்னைய எடுத்துக்கட்டும். பிள்ளையப் பாருங்க நீங்க!"

அவன் பார்த்தான். பார்த்த பிறகு யோசிக்க எதுவும் இல்லை. சீட் பெல்ட்டைக் கழற்றினான். கலயம் அவன் நினைத்ததைவிடக் கனத்தது. மஞ்சள் துணியின் முடிச்சை சேறு அப்பிய விரலால் அவிழ்க்க முடியாமல் பல்லால் இழுத்தான். வாயில் திருநீறும் மண்ணும் பட்டது. வேற வழி இல்ல சாமி, வேற வழி இல்ல, பிள்ளைக்காகத்தான், கோயிலை இடிச்சுக் கட்டித் தாரேன், கெடா வெட்டுறேன், மன்னிச்சுக்க என்று அழுதுகொண்டே சொல்லி, சேற்றில் மண்டியிட்டு, முன்சக்கரத்துக்கு முன்னால் கலயத்தைக் கவிழ்த்தான். மண் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. மூன்று படிக்கு எவ்வளவு வருமோ அதற்கு மேலும் வந்தது போலிருந்தது. அதன்மேல் விழுந்த மழை அதை நனைக்கவில்லை. அவன் அதைக் கவனித்தான். கவனித்ததை நினைக்க அவனுக்கு நேரமில்லை.

"இறங்கித் தள்ளு" என்று கத்தினான்.

பாப்பாவைப் பின்சீட்டில் சாய்த்துவிட்டு, கதவு திறந்தது திறந்தபடி இருக்க, கிருஷ்ணப்ரியா இறங்கிப் பின்னால் ஓடினாள். அவன் ஏறி மிதித்தான்.

விளக்கு எரியவில்லை. என்ஜின் அடங்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் சரளை நறநறவென்று அரைபடும் சத்தம் கேட்டது, பல்லுக்கு இடையில் மண் அரைபடுவது போல உடம்பெல்லாம் கூசியது, முன்பக்கம் எழும்பியது, வண்டி குதித்து வெளியே வந்தது.

"ஏறு! ஏறு! நிறுத்துனா மாட்டிக்கும்!"

அவள் இருட்டில் வழுக்கி வழுக்கி ஓடிவந்து, உருண்டு கொண்டிருந்த வண்டிக்குள் விழுந்து, கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்தியதும் உள்விளக்கு அணைந்தது. அவள் மூச்சு வாங்குவதும், தடவித் தடவிப் பிள்ளையைத் தேடி மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வதும் கேட்டது.

வண்டி போனது. அம்மாடி, என்ன அருமையாகப் போனது. ஆனந்தகுமாருக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. முப்பது. முப்பத்தைந்து. நாற்பது. வண்டிப்பாதையின் குழி ஒன்றுகூடத் தெரியவில்லை. ஹெட்லைட் வெளிச்சத்தில் மழைக்கோடுகள், அவற்றுக்குப் பின்னால் இருபுறமும் கருவேல மரங்கள், ஒன்று மாற்றி ஒன்று வந்து பின்னால் போயின. ஈரமும் பழைய விபூதியும் கலந்த ஒரு வாசம், புதிதாக வெட்டிய குழிக்குள் குனிந்தால் வருமே அந்த வாசம், வண்டிக்குள் நிறைந்திருந்தது. நானே மண்ணில் புரண்டிருக்கிறேன், என் மேலிருந்துதான் வரும் என்று நினைத்துக்கொண்டான்.

"எப்படி இருக்கா?"

"நின்னுருச்சுங்க" என்றாள் அவள். சொல்லும்போதே அழுதாள். "இழுப்பு நின்னுருச்சு. தூங்குறா."

அவன் காது கொடுத்துக் கேட்டான். உண்மைதான். விசில் இல்லை. பின்சீட்டிலிருந்து ஒரு மூச்சு, நிதானமாக, ஆழமாக, இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு ஆழமான மூச்சு வருமா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதை அவன் எழவிடவில்லை. கருப்பு கைவிடவில்லை என்று நினைத்தான். கண்ணீர் முட்டியது.

தார்ச்சாலை இன்னும் வரவில்லை.

மீட்டரைப் பார்த்தான். பாதை மூன்று கிலோமீட்டர்தான். வண்டி மாட்டியது ஒரு கிலோமீட்டரில். மிச்சம் இரண்டு. மீட்டரில் ஏழு கிலோமீட்டர் கூடியிருந்தது.

வழி தவறிவிட்டோமோ. இருட்டில் எங்கோ கிளைப் பாதையில் இறங்கிவிட்டேனோ. ஆனால் அவன் ஸ்டீயரிங்கைத் திருப்பவே இல்லை. இவ்வளவு நேரமும் நேர்ப்பாதை. கரிசல் காட்டு வண்டிப்பாதை எங்கே ஏழு கிலோமீட்டருக்கு நேராகப் போகிறது?

அவன் பக்கத்துக் கண்ணாடியில் டொக் என்று ஏதோ பட்டது. ஏதாவது கிளையாக இருக்கும். மறுபடி. டொக், டொக், டொக்.

மரங்களைப் பார்த்தான். ஒரு மரம், அதில் கிழிந்த நீல பாலித்தீன் பை ஒன்று முள்ளில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. அது பின்னால் போனது. அடுத்த மரம் வந்தது. அதிலும் நீலப் பை. அடுத்த மரம்.

நீலப் பை.

ஒன்பது கிலோமீட்டர்.

போன் அடித்தது. ஜெயபாண்டி. ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணாச்சி, வந்துட்டேன். வண்டிகிட்டதான் நிக்கிறேன்."

"எந்த வண்டிகிட்ட? நாங்க கிளம்பிட்டோம் ஜெயபாண்டி. வெளிய எடுத்தாச்சு. போய்க்கிட்டு இருக்கோம்."

மறுமுனையில் மழை கேட்டது. மழைக்குப் பின்னால் ஓர் என்ஜின் முழங்கிக்கொண்டிருந்தது. டிராக்டர் இல்லை. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

"என்ன சொல்றீக? வெள்ளை வண்டிதானே? மூக்கு குத்திப் பள்ளத்துலதான் கிடக்கு. முன்சக்கரம் பேயாட்டம் சுத்துது. உள்ள நீங்க உக்காந்திருக்கீக, பின்னால அக்கா வெறும் மடியத் தடவிக்கிட்டு இருக்காக. நானும் கண்ணாடியத் தட்டுறேன் தட்டுறேன், திரும்ப மாட்றீக."

டொக், டொக், டொக். கண்ணாடியில். போனிலும்.

திரும்பினான். கண்ணாடிக்கு வெளியே யாரும் இல்லை. இருட்டு. மழை. ஓடும் மரங்கள்.

"வண்டிய அமத்துங்க அண்ணாச்சி. பிள்ளைய எதுக்கு இந்த மழையில வெளிய விட்டீக?"

"பிள்ளை உள்ள இருக்கா" என்றான். மறுபடி சொன்னான். "உள்ள இருக்கா."

"இந்தா, முன்னால உக்காந்திருக்கு. டயருகிட்ட. அந்தச் செம்மண்ணை ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிப் பாவாடையில போடுது. மூச்சு எப்படி இழுக்குதுன்னு கேளுங்க."

கேட்டது. போனுக்குள், மழைக்குள், அந்த விசில். ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவில் விட்டாலும் அவனுக்குத் தெரிந்துவிடும் அந்த விசில்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். ஸ்பீடு மீட்டர் ஐம்பத்தெட்டு காட்டியது. அறுபது.

பிரேக்கை மிதித்தான். மிதி கடைசி வரை போனது. அறுபத்து நான்கு.

என்ஜினை அணைக்கும் பட்டனை அமுக்கினான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். கதவுப் பிடியை முறித்துவிடுவது போல் இழுத்தான். திறக்கவில்லை. எழுபது. சாயங்காலம் முழுக்க அவன் காலடியில் வண்டியின் மூச்சை அடக்கிய அந்த மஞ்சள் விளக்கு அணைந்து கிடந்தது. எரி, என்று கெஞ்சினான். எரிஞ்சு தொலை. இப்ப எரி. இப்ப நிறுத்து.

"பிரியா. மடியில யாரு?"

"சத்தம் போடாதீங்க" என்றாள் அவள் மெதுவாக. அவள் கை தடவிக்கொண்டே இருந்தது. "இப்பத்தான் கண்ணசந்தா."

"பிரியா, குனிஞ்சு பாரு. யாருன்னு பாரு."

அவள் குனியவில்லை.

"பாப்பா!" போனில் ஜெயபாண்டி அலறினார். "கையை எடு தாயி! உள்ள விடாத! அண்ணாச்சி, சுத்துற டயருக்கு அடியில கையை விடுது! அங்க இருக்கிற மண்ணையும் அள்ளப் பாக்குது!"

"தூக்குங்க! அவளைத் தூக்குங்க!"

"தூக்க முடியல! அசைய மாட்டேங்குது அண்ணாச்சி! பச்சைப்பிள்ளை, இந்தக் கனம் கனக்குது! நீங்க அமத்துங்க! அமத்துங்க!"

இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து நின்றான். எழுபத்தெட்டு. தலையால் கண்ணாடியை முட்டினான். எண்பது. செல்வி என்று கத்தினான், செல்வி, அப்பா இங்க இருக்கேன், கையை எடுத்துக்கடா, வேணாம், அள்ளாத, அது வேணாம், அங்கனயே கிடக்கட்டும்.

பின்னால் சீட் முனகியது. யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள்.

இடது தோளில் ஒரு சின்னக் கை வந்து அமர்ந்தது. சட்டைக்கு மேல் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. விரல் இடுக்கிலிருந்து மண் உதிர்ந்து அவன் மார்பில் விழுந்தது. சிவப்பு மண். காய்ந்த மண்.

"நிறுத்தாதீங்கப்பா" என்றது. மூச்சுத் திணறாத, தெளிவான, பாப்பாவின் குரல். "போயிக்கிட்டே இருங்க."

போனில் விசில் ஒருமுறை இழுத்தது.

அவன் காலுக்கு அடியில், இடது பக்கம், முன்சக்கரம் எதன்மேலோ லேசாக ஏறி இறங்கியது.

அதற்குப் பிறகு போனில் மழை மட்டும் கேட்டது. தோளில் இருந்த கை அவனை மெல்லத் தட்டிக்கொடுத்தது.